மின்னணு ஸ்ட்ரட் தேய்ந்தால் சாதாரண ஸ்ட்ரட் போடலாமா? பழைய எஸ்யூவி வாங்கியவர்களுக்கு ஒரு விளக்கம்

கம்பம் பள்ளத்தாக்கிலும், மலைக்கு மேலே குமுளி, நெடுங்கண்டம், மூணாறு பக்கமும் பழைய சொகுசு எஸ்யூவிகள் இப்போது சர்வசாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களும் விடுதி நடத்துபவர்களும் கொச்சியிலோ கோயம்புத்தூரிலோ பழைய வண்டிச் சந்தையில் வாங்கி வருகிறார்கள். புதிதாக இருந்தபோது எட்டாத உயரத்தில் இருந்த விலை, பத்து ஆண்டு கழிந்ததும் ஒரு புதிய நடுத்தரக் காரின் விலைக்கு இறங்கிவிடுகிறது. வண்டியின் விலைதான் இறங்குகிறது. அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. சஸ்பென்ஷனில் பழுது என்று டேஷ்போர்டில் ஓர் எச்சரிக்கை எரியும் நாளில்தான் இந்த வேறுபாடு உறைக்கிறது.

அப்போது இரண்டு யோசனைகள் வரும். நிறுவனத்தின் சர்வீஸ் நிலையம் நான்கு ஸ்ட்ரட்டையும், அதாவது சக்கரங்களின் குலுக்கலை அடக்கும் குழாய்த் தூண்களை, மாற்றச் சொல்லும். அதற்கான தொகை வண்டி வாங்கிய விலையோடு போட்டி போடும். ஊர் ஒர்க்‌ஷாப்பில், இந்த எலெக்ட்ரானிக் வேலையெல்லாம் வேண்டாம், சாதாரண ஷாக் போட்டுவிடலாம் என்பார்கள். இரண்டாவது யோசனை தவறு என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. எல்லா வண்டிக்கும் அது சரி என்று ஏற்கவும் முடியாது. எந்த வண்டிக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஸ்பிரிங் தாங்குகிறது, ஷாக் அப்சார்பர் அடக்குகிறது

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அது அமுங்கி, அதே வேகத்தில் திரும்ப எழும். அதோடு விட்டால் மறுபடி அமுங்கும், மறுபடி எழும். இந்த ஆட்டத்தை ஓரிரு அசைவுக்குள் நிறுத்துவது ஷாக் அப்சார்பரின் வேலை. அதன் உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெயில் மேலும் கீழும் போகிறது. எண்ணெய் சிறு துளைகள், மெல்லிய தகட்டு வால்வுகள் வழியாக நெருக்கியடித்துப் புகுந்து வெளியேறுகிறது. அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. உடைந்த சாலையில் வேகமாக ஓடி வந்த வண்டியின் ஷாக் அப்சார்பரைத் தொட்டால் சுடுவது இதனால்தான்.

ஸ்ட்ரட் என்பது இதே ஷாக் அப்சார்பர்தான், ஆனால் கூடுதல் பொறுப்பு ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கி நிறுத்தும் தூணாகவும் அது இருக்கிறது. மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் ஸ்பிரிங் அதன் மேல் உட்காருகிறது, சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பகுதியான நக்கிள் அதன் அடியில் பிடிக்கப்படுகிறது, ஸ்டியரிங் திருப்பும்போது முழு ஸ்ட்ரட்டும் சேர்ந்து திரும்புகிறது. ஆகவே ஸ்ட்ரட்டின் நீளமோ கோணமோ சில மில்லிமீட்டர் மாறினாலும் சக்கரம் நிற்கும் கோணமே மாறிவிடும். தனி ஷாக் அப்சார்பரை மாற்றுவதைவிட ஸ்ட்ரட்டை மாற்றுவதில் கவனம் கூடுதலாக வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு சாதாரண ஷாக் அப்சார்பரின் கடினம் தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. மென்மையாக வைத்தால் குழியில் சுகமாக இருக்கும், வளைவில் வண்டி சாயும். கடினமாக வைத்தால் வளைவில் நிலைக்கும், குழியில் இடுப்பு வலிக்கும். பொறியாளர்கள் நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தத் தேர்வை வண்டி ஓடும்போதே மாற்றிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் மின்னணு சஸ்பென்ஷன்.

மின்னணு என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு அமைப்புகள்

இங்கேதான் முதல் குழப்பம் தொடங்குகிறது. மூன்றையும் ஒரே பெயரில் அழைக்கிறோம், ஆனால் மாற்றும்போது மூன்றுக்கும் வழி வேறு.

1. வால்வு வகை. சாதாரண எண்ணெய், சாதாரண ஸ்பிரிங். எண்ணெய் போகும் வழியில் ஒரு சோலனாய்டு, அதாவது மின்சாரத்தால் நகரும் வால்வு, பொருத்தப்பட்டிருக்கும். சஸ்பென்ஷனின் கணினியான கட்டுப்பாட்டு அலகு மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து அந்த வழியை அகலமாக்கும் அல்லது குறுக்கும். ஐரோப்பிய வண்டிகளில் பரவலாக இருப்பது இதுவே. மின்சாரம் நின்றுபோனால் பெரும்பாலானவற்றில் வால்வு ஒரு நடுத்தர நிலைக்குப் போய் நின்றுவிடும். வண்டியை ஓட்டி வீடு சேரலாம்.

2. காந்தத் திரவ வகை. இதில் நகரும் வால்வே இல்லை. எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். பிஸ்டனுக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் துகள்கள் வரிசையாகப் பிடித்துக்கொள்ள, எண்ணெயாக ஓடியது இட்லி மாவுப் பதத்துக்கு இறுகிவிடும். மின்சாரம் நின்றால் மறுபடி ஓடும். ‘மேக்னரைட்’ என்ற பெயரில் 2002இல் கேடிலாக் செவில் காரில் முதலில் வந்த இந்த நுட்பம், பின்னர் ரேஞ்ச் ரோவர் இவோக் போன்ற எஸ்யூவிகளிலும் இடம்பிடித்தது. இதில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு: மின்சாரம் நின்றால் இது மிக மென்மையான நிலைக்குப் போய்விடும். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இதே ஸ்ட்ரட்டுடன் ஓட்டினால் வண்டி தொட்டில்போல ஆடும். கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து.

3. காற்று வகை. இங்கே உலோக ஸ்பிரிங்கே இல்லை. ரப்பர் பையில் அடைத்த காற்றுதான் ஸ்பிரிங். ஒரு கம்ப்ரஸரும், காற்றைப் பிரித்தனுப்பும் வால்வுத் தொகுதியும், ஒவ்வொரு சக்கரத்தின் உயரத்தை அளக்கும் சென்சாரும் சேர்ந்து வண்டியை ஏற்றி இறக்கும். பெரும்பாலும் முதல் வகை மின்னணு ஷாக் அப்சார்பரும் இதனுடன் சேர்ந்தே வரும். லேண்ட் ரோவர் டிஸ்கவரி, ஆடி க்யூ7, பென்ஸின் பெரிய எஸ்யூவிகள் என இந்தப் பட்டியல் நீளம்.

ஜீப் காம்பஸ், மஹிந்திரா எக்ஸ்யூவி700 போன்ற வண்டிகளின் விளம்பரத்தில் எஃப்எஸ்டி என்ற எழுத்துகளைப் பார்த்துவிட்டு அதுவும் மின்னணு வகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சாலையின் அதிர்வு வேகத்துக்கு ஏற்ப எண்ணெய் வழியைத் திறந்து மூடும் இயந்திர வால்வு அது. வயரும் கிடையாது, கணினியும் கிடையாது. அந்த வண்டிக்காரர்கள் அதே வகை ஸ்ட்ரட்டையே வாங்கி மாட்டிவிட்டுப் போகலாம். இந்தக் கட்டுரையின் சிக்கல் எதுவும் அவர்களுக்கு இல்லை.

தேய்ந்தது ஸ்ட்ரட்தானா?

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்ட்ரட் போய்விட்டது என்று முடிவுகட்டுவது பணத்தை வீணாக்கும் குறுக்குவழி. மின்னணு சஸ்பென்ஷன் ஒரு சங்கிலி. சென்சார், வயர், கனெக்டர், கட்டுப்பாட்டு அலகு, கடைசியில்தான் ஸ்ட்ரட். நம் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. மலையின் மேற்குச் சரிவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழை, பிறகு ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குச் சரிவில் மழை. இரண்டு பக்கமும் போய்வரும் வண்டியின் அடிப்பாகம் ஆண்டில் பாதி நாள் ஈரத்தில்தான் இருக்கிறது. சக்கர வளைவுக்குள் இருக்கும் கனெக்டர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிப்பதும், உயர சென்சாரின் மெல்லிய இணைப்புக் கம்பி சேறு இறுகி ஒடிவதும் இங்கே எதிர்பார்க்க வேண்டியவை.

எனவே எதையும் கழற்றுவதற்கு முன் அந்த வண்டி நிறுவனத்தின் மொழி புரிந்த ஸ்கேனரை மாட்டிப் பழுது எண்ணைப் படிக்க வேண்டும். என்ஜின் கோளாறை மட்டும் படிக்கும் மலிவான கருவிக்குச் சஸ்பென்ஷன் அலகு தெரியவே தெரியாது. பழுது எண் ‘மின்சுற்று துண்டிப்பு’ என்று சொன்னால் முதலில் கனெக்டரைப் பாருங்கள்; பிறகு மல்டிமீட்டரில் சுருளின் மின்தடையை அளந்து மற்றொரு பக்கத்து ஸ்ட்ரட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஸ்ட்ரட்டின் மின்பாகம் நலம்; கோளாறு வயரிலோ கட்டுப்பாட்டு அலகிலோ இருக்கும்.

இயந்திரத் தேய்மானம் வேறு விதமாகத் தெரியும். ஸ்ட்ரட்டின் உடலில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கும். டயர் சீராகத் தேயாமல் மேடு பள்ளமாகத் தேயும். பிரேக் போட்டால் முகம் குத்தி, நின்ற பிறகும் ஆடும். ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் குற்றவாளி சஸ்பென்ஷனின் சிறு இணைப்புப் பாகங்களான லிங்க் ராட், ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் மவுண்ட் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஸ்ட்ரட்டுடன் ஒப்பிட்டால் இவற்றின் விலை மிகக் குறைவு. காற்று வகை வண்டி காலையில் ஒரு பக்கம் படுத்திருந்தால் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். ரப்பர் மடியும் இடத்தில் விரிசல் விட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் கசிவை ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரஸரும் எரிந்துபோகும். சிறிய செலவு பெரிய செலவாவது இப்படித்தான்.

இன்னொரு வழியும் காதில் விழும்: ஸ்ட்ரட்டைப் பிரித்து ஆயில் சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி மூடித் தருவது. சாதாரண ஷாக் அப்சார்பருக்கு இது ஓரளவு கைகொடுக்கும். காந்தத் திரவ ஸ்ட்ரட்டில் வேறு எண்ணெயை ஊற்றினால் அது எந்த மின்சாரத்துக்கும் இறுகாது, வெறும் குழாயாகிவிடும். அதற்குரிய திரவத்தையும் வாயு அழுத்தத்தையும் திரும்ப நிரப்பத் தெரிந்த சிறப்புக் கூடங்களால் மட்டுமே அதைப் புதுப்பிக்க முடியும்.

முதலில் கேட்க வேண்டியது: இதே வண்டி சாதாரண ஸ்ட்ரட்டுடனும் விற்கப்பட்டதா?

ஸ்ட்ரட்தான் தேய்ந்தது என்று உறுதியானால், எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். சாதாரண ஸ்ட்ரட் நல்லதா, மின்னணு ஸ்ட்ரட் நல்லதா என்ற விவாதத்தில் பொழுதைப் போக்குவதில் பயனில்லை. உங்கள் மாடலை, அதே என்ஜினுடன், உலகில் எங்காவது அதன் தயாரிப்பாளரே சாதாரண ஸ்ட்ரட்டுடன் விற்றிருக்கிறாரா என்று தேடுங்கள்.

விற்றிருந்தால், அந்த எடைக்கும் அந்த நீளத்துக்கும் பொருத்தமான ஸ்ட்ரட்டையும் ஸ்பிரிங்கையும் பொறியாளர்கள் ஏற்கெனவே கணக்கிட்டு, சோதித்து, சாலையில் விட்டிருக்கிறார்கள். நீங்கள் செய்வது ஒரு தொழிற்சாலை அமைப்பிலிருந்து இன்னொரு தொழிற்சாலை அமைப்புக்கு மாறுவது. விற்கவில்லை என்றால் அந்தக் கணக்கைப் போடும் பொறுப்பு ஒர்க்‌ஷாப்பின் தலையில் விழுகிறது. அதைப் போடக்கூடிய கருவிகள் அவர்களிடம் இல்லை.

சில எடுத்துக்காட்டுகள்: ரேஞ்ச் ரோவர் இவோக்கில் காந்தத் திரவ ஸ்ட்ரட் கூடுதல் விலைக்கான தேர்வாகத்தான் இருந்தது, அடிப்படை வண்டிகள் சாதாரண ஸ்ட்ரட்டுடன் வந்தன. ஆகவே அதில் மாற்றுவதற்கு நல்ல வழி உண்டு. டிஸ்கவரி 3 மாடலின் அடிப்படை வகை சில நாடுகளில் சுருள் ஸ்பிரிங்குடன் விற்பனையானது. முதல் தலைமுறை ஆடி க்யூ7 காரும் ஐரோப்பாவில் எஃகு ஸ்பிரிங்குடன் கிடைத்தது. ஆனால் பெரிய ரேஞ்ச் ரோவர் 2002 முதல் காற்று சஸ்பென்ஷனுடன் மட்டுமே வந்திருக்கிறது. அதற்குச் சுருள் ஸ்பிரிங் போடும் தொகுப்புகள் சந்தையில் இருந்தாலும், அதைத் தயாரிப்பாளர் என்றைக்கும் அங்கீகரித்ததில்லை. என் பார்வையில் அத்தகைய வண்டியில் காற்று அமைப்பையே பழுது பார்ப்பதுதான் சரி. மாற்று நிறுவனங்கள் செய்யும் காற்று ஸ்பிரிங்குகள், கம்ப்ரஸர்கள் தனித்தனியாகக் கிடைக்கின்றன; நான்கையும் சேர்த்து மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை.

சாதாரண ஸ்ட்ரட்டுடன் விற்ற மாடல் என்றாலும் ஸ்ட்ரட்டை மட்டும் தனியாக வாங்கிவிடக் கூடாது. அந்த வகையின் ஸ்பிரிங், ஸ்ட்ரட் மவுண்ட், ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் மூன்றும் வேறாக இருக்க வாய்ப்புண்டு. நக்கிள் பிடிக்கும் இடத்தில் ஸ்ட்ரட் உடலின் விட்டம் ஒன்றுதானா, லிங்க் ராட் மாட்டும் காது அதே உயரத்தில் இருக்கிறதா, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் பிடிக்கும் கிளிப்பு இருக்கிறதா என்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரரிடம் மாடல் பெயரைச் சொல்வது போதாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, உதிரிபாக எண்ணை எழுதி வாங்குங்கள்.

கணினியின் எதிர்பார்ப்பு

ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டுவது எளிய பாதி. கடினமான பாதி கட்டுப்பாட்டு அலகோடு தொடர்புடையது. நான்கு மூலையிலும் ஒரு சுருள் இருக்கிறது, நான் அனுப்பும் மின்னோட்டம் அதன் வழியாகத் திரும்பி வருகிறது என்பது அந்த அலகின் அடிப்படை நம்பிக்கை. சாதாரண ஸ்ட்ரட்டில் மாட்டுவதற்கு எதுவுமில்லாமல் கனெக்டர் காற்றில் தொங்கினால் அலகு உடனே பழுது எண் போட்டு விளக்கை எரிக்கும். சில வண்டிகளில் அதிகபட்ச வேகத்தையும் குறைத்துவிடும். இதைச் சமாளிக்க நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. நான் ஏற்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. மென்பொருளில் மாற்றுவது. வண்டியின் நினைவகத்தில் ‘இந்த வண்டிக்கு மின்னணு சஸ்பென்ஷன் உண்டு’ என்று பதிந்திருக்கும். உரிய ஸ்கேனர் வைத்திருப்பவர் அதை ‘இல்லை’ என்று மாற்றி, அலகைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். சாதாரண ஸ்ட்ரட் வகையும் விற்ற மாடல்களில் பெரும்பாலும் இதற்கு இடம் இருக்கும். பிரேக், ஸ்டியரிங் அலகுகளும் தங்கள் கணக்கை அந்த வகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் என்பதுதான் இதன் பெரிய பலன்.

2. நான்கு சுருளும் இருப்பதுபோல் காட்டும் சிறு மின்னணுப் பெட்டி. ஸ்ட்ரட் தொகுப்புடன் சேர்த்தே சில தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். குறிப்பிட்ட மாடலுக்கென்றே செய்ததாக இருந்தால் நன்றாக வேலை செய்யும்.

3. மின்தடையை மாட்டுவது. கனெக்டரின் இரண்டு முனைக்கு நடுவே ஒரு ரெசிஸ்டரை வைத்துச் சுருள் இருப்பதாக அலகை நம்ப வைக்கும் வேலை. செலவு மிகக் குறைவு என்பதால் ஒர்க்‌ஷாப்புகளில் இதுதான் முதலில் சொல்லப்படும். இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். இந்தச் சுருள்களின் மின்தடை பொதுவாகச் சில ஓம் மட்டுமே. 2 ஓம் ரெசிஸ்டரில் 2 ஆம்பியர் பாய்ந்தால் வெளிப்படும் வெப்பம் 8 வாட். எலெக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்டர் சில நொடியில் கருகிவிடும். அலுமினியக் கூட்டில் அடைத்த, குறைந்தது 25 வாட் தாங்கும் ரெசிஸ்டரை, பிளாஸ்டிக்கும் வயரும் தொடாத உலோகப் பரப்பில் திருகிப் பொருத்த வேண்டும். அப்படிச் செய்தாலும் எல்லா வண்டியும் ஏமாறாது. சுருளுக்கு மின்தடையோடு தூண்டல் பண்பும், அதாவது மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணமும், உண்டு. துடிப்புத் துடிப்பாக மின்னோட்டம் அனுப்பிச் சோதிக்கும் அலகு வெறும் ரெசிஸ்டரை அடையாளம் கண்டுவிடும்.

4. ஃபியூஸைப் பிடுங்குவது, அல்லது எச்சரிக்கை விளக்கை மறைப்பது. இதை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அந்த விளக்கு பல வண்டிகளில் பிரேக், ஸ்டியரிங் பழுதையும் சேர்த்துச் சொல்லும் விளக்கு. நாளைக்கு உண்மையான பழுது வந்தால் உங்களுக்குச் சொல்ல வண்டியிடம் எதுவும் இருக்காது.

ஹெட்லைட்டும் இஎஸ்பியும்

சஸ்பென்ஷன் அலகு தனித்தீவு அல்ல. வண்டிக்குள் ஓடும் தகவல் கம்பி வழியாக அது பிரேக் அலகோடு பேசிக்கொண்டே இருக்கிறது. வளைவில் சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி, ஸ்டியரிங் கோணத்தையும் வண்டி திரும்பும் வேகத்தையும் பார்த்து எந்தச் சக்கரத்தைப் பிடிப்பது என்று முடிவெடுக்கிறது; சில வண்டிகளில் சஸ்பென்ஷன் அலகு தரும் தகவலும் அந்தக் கணக்கில் சேர்கிறது. அலகை முழுதாகத் துண்டித்தால் சில வண்டிகளில் ஏபிஎஸ், இஎஸ்பி விளக்குகளும் சேர்ந்து எரிவது இதனால்தான். மாற்றிய பிறகு வண்டியை எடுக்கும் முன் இந்த இரண்டு விளக்கும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

அதிகம் பேர் யோசிக்காதது ஹெட்லைட். செனான், எல்இடி விளக்கு உள்ள எஸ்யூவிகள் பலவற்றில் ஒளிக்கற்றையைத் தானாக ஏற்றி இறக்கும் அமைப்பு உண்டு. அது தகவல் பெறுவது சஸ்பென்ஷனின் உயர சென்சாரிலிருந்துதான். காற்று ஸ்பிரிங்கைக் கழற்றும்போது இனி இது எதற்கு என்று சென்சாரையும் கழற்றி வீசிவிட்டால் விளக்கு ஒரே கோணத்தில் நின்றுவிடும். பின்னால் சுமை ஏறினால் முகம் தூக்கிக்கொண்டு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் பாதையில், சபரிமலை சீசன் இரவில், எதிரே இறங்கும் பேருந்து ஓட்டுநருக்கு அரை நொடி கண் கூசினால் என்ன ஆகும் என்று இந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உயர சென்சார் இருந்த இடத்தில் இருக்கட்டும். புதிய உயரத்துக்கு அதை ஸ்கேனரில் மறு அளவீடு செய்து, சுவரில் ஒளி விழும் உயரத்தையும் சரிபார்த்துவிட வேண்டும்.

மலையில் ஓட்டும்போது தெரியும் வேறுபாடு

போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் மின்னணு ஸ்ட்ரட் தன் வேலையைச் சத்தமின்றிச் செய்யும். வளைவுக்குள் நுழைந்ததும் வெளிப்பக்க ஸ்ட்ரட் இறுகிச் சாய்வைக் குறைக்கும். வளைவு முடிந்ததும் தளரும். சாதாரண ஸ்ட்ரட் எப்போதும் ஒரே குணத்தோடுதான் இருக்கும். வண்டி கொஞ்சம் கூடுதலாகச் சாயும். அது ஆபத்தான சாய்வு அல்ல. கோடிக்கணக்கான கார்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் பழைய பழக்கத்தில் அதே வேகத்தில் வளைவுக்குள் நுழையக் கூடாது. முதல் சில நாள்கள் வண்டியைப் புதிதாகப் பழக வேண்டும்.

தேய்ந்துபோன மின்னணு ஸ்ட்ரட்டோடு ஒப்பிட்டால் புதிய சாதாரண ஸ்ட்ரட் எவ்வளவோ மேல். தேய்ந்த ஸ்ட்ரட்டில் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளுகிறது. துள்ளும் சக்கரத்தால் பிரேக்கும் பிடிக்க முடியாது, திரும்பவும் முடியாது. விலைக்குப் பயந்து ஒன்றும் செய்யாமல் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் இருக்கும் வழிகளிலேயே மோசமானது.

காற்று வகையிலிருந்து சுருளுக்கு மாறும்போது இழப்பு பெரிது. ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் காற்று ஸ்பிரிங் பின்புறத்தைத் தூக்கிச் சமன் செய்யும். சுருள் அமுங்கியேதான் நிற்கும். தோட்டத்துக்குப் போகும் கல் பாதையில் வண்டியை உயர்த்திக்கொள்ளும் வசதியும் போய்விடும். ஏலக்காய் மூட்டையும் ஆட்களும் ஏற்றுபவர் அந்தச் சுமையைச் சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்தால் வெறும் வண்டியாக ஓட்டும்போது குலுக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மாட்டும் இடத்தில் கவனிக்க வேண்டியவை

1. முன்பக்கம் என்றால் இரண்டும், பின்பக்கம் என்றால் இரண்டும் ஒன்றாக மாற வேண்டும். ஒரு பக்கம் மின்னணு, மறுபக்கம் சாதாரணம் என்பது பேச்சுக்கே இடமில்லாதது. நான்கும் ஒரே வகையாக இருப்பதுதான் முறை.

2. அமுங்கிய ஸ்பிரிங்கில் உயிரைப் பறிக்கும் விசை இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான சரியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாத இடத்தில், கயிறு கட்டியோ கம்பி சுற்றியோ கழற்றும் இடத்தில், இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

3. காற்று வகையில் எதையும் கழற்றும் முன் ஸ்கேனர் வழியாகக் காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும்.

4. ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பட்டு, வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையில் நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரத்தில் அதிகம் விடப்படும் படி இதுதான்.

5. முடிவில் நான்கு சக்கர அலைன்மெண்ட். அளவீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாக நிலைநாட்டியது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனை வைத்தது. சட்டம் தமிழ்நாடு, கேரளம் இரு மாநிலத்துக்கும் பொதுவானதுதான். ஆனால் கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றியமைத்த வண்டிகள் மீது காட்டும் கண்டிப்பு எல்லையில் வாழும் எல்லோருக்கும் தெரிந்தது.

இதில் ஸ்ட்ரட் எங்கே வருகிறது? என்ஜின் எண், நிறம், இருக்கை எண்ணிக்கை, எடை போன்றவை பதிவுச் சான்றில் இருக்கின்றன. ஸ்ட்ரட்டின் வகை இல்லை. தேய்ந்த உதிரிபாகத்துக்குப் பதில் அதே மாடலின் இன்னொரு வகைக்குரிய தயாரிப்பாளர் உதிரிபாகத்தைப் போட்டு, வண்டியின் உயரம் மாறாமல் இருந்தால், அதைப் பழுது நீக்கமாக எடுத்துச் சொல்ல உங்களிடம் வலுவான வாதம் இருக்கும். வண்டியைத் தூக்கி நிறுத்தும் தொகுப்பு, வெட்டிய ஸ்பிரிங், பெயர் தெரியாத ஸ்ட்ரட் ஆகியவற்றுக்கு அந்த வாதம் பொருந்தாது. இதே வண்டி சாதாரண ஸ்ட்ரட்டுடனும் விற்கப்பட்டதா என்ற கேள்விக்கு மேலே நான் கொடுத்த முக்கியத்துவத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லைப் பகுதியில் இது வெறும் சாலைச் சோதனையோடு நிற்பதில்லை. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 47ஆவது பிரிவு. கேரளப் பதிவெண் கொண்ட எஸ்யூவியைக் கம்பத்தில் வைத்திருப்பவரும், தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை வண்டிப்பெரியாறில் வைத்திருப்பவரும் ஒருநாள் அலுவலரின் முன் வண்டியை நிறுத்தியாக வேண்டும். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதும் அதேதான்.

ஆகவே வேலை முடிந்த அன்றே ஒரு கோப்பு போட்டுவிடுங்கள். பழைய பழுது எண் அச்சு, புதிய ஸ்ட்ரட்டின் உதிரிபாக எண் உள்ள ரசீது, மென்பொருளில் என்ன மாற்றினார்கள் என்ற குறிப்பு, அலைன்மெண்ட் தாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டைத் தகராறாக்கும். பயன்படுத்தாத கனெக்டர்களை வெட்டி எறியாமல், தண்ணீர் புகாதபடி மூடி, வண்டியின் உலோகச் சட்டகத்தோடு கட்டிவைக்கச் சொல்லுங்கள். பின்னால் வண்டியை வாங்குபவர் மின்னணு ஸ்ட்ரட்டையே திரும்பப் போட விரும்பினால், வயரிங் முழுதாக இருக்கும் வண்டியில்தான் அது நடக்கும்.